குருசடியிலிருந்து பதினோரு அடி

பூனைக்குச் சாளை மீன் சுமந்துதான் என் மகள் டாக்டர் ஆனாள். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, இன்ஜினியர் டாக்டர். பூனை அவளுடைய வாத்தியார் வீட்டுப் பூனை. வாத்தியார் பெயர் நாராயணபெருமாள். சுத்த சைவம், முட்டைகூடத் தொடமாட்டார். ஆனால் அவர் மனைவி வளர்க்கிற இரண்டு சடைப் பூனைகளுக்குச் சந்தை மீன் ஆகாது, கரையில் அன்றன்றைக்கு ஏறுகிற சாளைதான் வேண்டும். மாதம் இரண்டு தடவை ஐஸ் போட்ட பையோடு பஸ் ஏறி, நாகர்கோவிலில் அவர் வீட்டு வாசலில் போய் நிற்பேன். ஒரு தடவைகூட உள்ளே கூப்பிட்டதில்லை. மீன் நாற்றமாம். அந்த மீனைத் தின்ற பூனை சோபாவில் ஏறிப் படுத்துக்கொள்ளும். ஜன்னல் வழியாக நானே பார்த்திருக்கிறேன்.

என் பெயர் ஏசுஅடிமை. எழுபத்திரண்டு வயது. நாலாம் வகுப்போடு மீன் பிடிக்க வள்ளத்தில் ஏறியவன். படித்தவன் சிரித்துப் பேசினால் நான் முதலில் மடியைத் தடவிப் பார்ப்பேன், இருக்கிறது இருக்கிறதா என்று. அப்படிப்பட்டவன் வீட்டில் ஒரே மகள் ஜெனிலா இன்ஜினியருக்குப் படித்தாள். நாகர்கோவிலில் ஒரு கம்பெனியில் வேலை. கடலுக்குள் கல் போடுகிறவர்களுக்கு எங்கே போட வேண்டும், எவ்வளவு போட வேண்டும் என்று படம் வரைந்து கொடுக்கிற கம்பெனி. மருமகன் எபிசன் மஸ்கட்டில். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவள் டவுனில் குடியிருந்தாள்.

வேலை பார்த்துக்கொண்டே படிக்கிற டாக்டர் பட்டம் ஒன்று இருக்கிறது, தான் பார்க்கிற வேலையையே ஆராய்ச்சியாக்கிப் புத்தகம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று ஒரு நாள் வந்து சொன்னாள். பார்க்கிற வேலைக்குச் சம்பளம் வாங்குகிறாய், அதே வேலைக்குப் பட்டமும் வேறு எதற்கு என்று கேட்டேன். டாக்டர் என்று போட்டுக் கையெழுத்து வைத்தால் கம்பெனி கொடுக்கிற அறிக்கையைச் சர்க்காரில் மறுபேச்சு இல்லாமல் எடுத்துக்கொள்வார்களாம், அவளுக்கும் பெரிய பதவி வருமாம். எனக்கு அப்போதே பிடிக்கவில்லை. மறுபேச்சு இல்லாத இடத்தில் என்ன உண்மை இருக்கும்?

அந்த வருடம்தான் எங்கள் கரையில் தூண்டில் வளைவு போட்டிருந்தார்கள். லாரி லாரியாகப் பாறையைக் கொண்டுவந்து, கடலுக்குள் தூண்டில் முள் மாதிரி வளைத்து நீட்டுகிற வேலை. அது மண்ணைப் பிடித்துக் கரையைக் காப்பாற்றும் என்றார்கள். காப்பாற்றுகிறதா இல்லையா என்பதுதான் ஜெனிலாவின் ஆராய்ச்சி. அதற்கு மாதாமாதம் கரையின் அகலத்தை அளக்க வேண்டும். அவளுக்கு லீவு கிடையாது. அதனால் ஒரு நாடாவையும் நோட்டையும் என்னிடம் தந்தாள். மாறாத ஒரு இடத்திலிருந்து தண்ணீர் வரைக்கும், அமாவாசையன்று கடல் நன்றாக வற்றியிருக்கிற நேரம் பார்த்து அளக்கச் சொன்னாள்.

மாறாத இடம் என்றால் எங்கள் கடப்புறத்தில், இந்தக் கரை ஊரில், ஒன்றுதான் உண்டு. குருசடி. சிலுவை வைத்துக் கட்டிய சின்னக் கோவில். வள்ளம் நிறுத்துகிற இடம், மீன் ஏலம் போடுகிற இடம், கரைமடி வலை வளைக்கிற முறை, பக்கத்துத் துறைக்காரனோடு எல்லைச் சண்டை, எல்லாவற்றுக்கும் குருசடியிலிருந்து கை விரித்து இத்தனை பாகம் என்றுதான் கணக்கு. என் அப்பன் காலத்திலும் அப்படித்தான். ஆகவே குருசடியின் கீழ்ப்படியில் நாடாவை வைத்து அளந்தேன். முதல் மாதம் தொண்ணூற்றாறு அடி.

நாற்பது மாதம் அளந்தேன். காய்ச்சலிலும் அளந்தேன். என் மனைவியை அடக்கம் செய்த நாலாம் நாளும் போய் அளந்தேன். எனக்கு அந்தப் பட்டத்தின் மேல் நம்பிக்கை கிடையாது, அளவின் மேல் உண்டு. கல் போட்ட பிறகும் கரை குறைந்துகொண்டேதான் வந்தது. இருபத்திரண்டாம் மாதம் எண்பத்தொன்பது அடி.

அதற்கு முந்தின ஆடியில் கடல் குருசடியின் அஸ்திவாரத்தை அரித்திருந்தது. கோவில் காரியம் பார்க்கிற பங்குப் பேரவை கூடிப் பேசி, பழையதை இடித்துவிட்டுப் பின்னால் தள்ளிக் கட்டுவது என்று முடிவு செய்தது. பதினோரு அடி பின்னால். நூல் பிடித்தவன் நான். ஈஸ்டர் கழிந்து பங்குச் சாமியார் வந்து ஜெபம் சொல்லி மந்திரித்தார். ஜெனிலாவும் பிள்ளைகளோடு வந்து, புதுப் படியில் மெழுகுதிரி கொளுத்திக் கும்பிட்டுவிட்டுப் போனாள். குருசடி நகர்ந்ததும் ஊர்க் கணக்கெல்லாம் அதோடு சேர்ந்து நகர்ந்தது. வள்ளங்களைப் பதினோரு அடி மேலே இழுத்துப் போட்டோம். யாரும் யாரிடமும் கேட்கவில்லை. குருசடி எங்கே இருக்கிறதோ அங்கிருந்துதான் கரை. அடுத்த அமாவாசைக்கு நான் புதுக் கீழ்ப்படியில் நாடாவை வைத்தேன். தொண்ணூற்றொன்பது வந்தது. எழுதினேன்.

இதில் இருக்கிற மடத்தனம் எனக்கு அப்போது தெரியவில்லை. வேறு எவனாக இருந்தாலும் தெரிந்திருக்கும். கடப்புறத்தான் ஒருத்தனுக்கும் தெரிந்திருக்காது. ஜெனிலாவும் கடப்புறத்துப் பிள்ளைதானே.

புத்தகம் எழுதி முடிந்து, பல்கலைக்கழகத்துக்கும் போய்விட்டது. கடைசியாகப் பெரிய மனிதர்கள் முன்னால் நின்று கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும், அதற்கு வைவா என்று பெயர். அதற்கு மூன்று வாரம் இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை கழிந்து வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரைத் திறந்துவைத்துத் தனக்குத்தானே இங்கிலீஷில் பேசிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அளந்தது எங்கே என்று காட்டச் சொன்னேன். ஒரு கோடு காட்டினாள். இடமிருந்து வலமாகச் சரிந்துகொண்டே வந்தது. நடுவில் ஒரே தாவலாக மேலே ஏறியது. பிறகு மறுபடியும் சரிவு.

"இது என்னட்டி, இங்க வந்து மேல சாடுது?"

"அதுதான் அப்பா முக்கியமான எடம். தூண்டில் வளைவு மண்ணப் புடிக்கத் தொடங்குன மாசம்."

"எந்த மாசம்?"

"ஈஸ்டர் கழிஞ்ச மாசம்."

"ஈஸ்டர் கழிஞ்சுதானட்டி குருசடிய மாத்துனது."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு ஜன்னல் வழியாகக் குருசடியைப் பார்த்தாள். கம்ப்யூட்டரை மூடிவிட்டாள். பிறகு நான்தான் வாய்விட்டுக் கணக்குச் சொன்னேன். கடைசி மாதம் நான் எழுதியது தொண்ணூற்றேழு. புத்தகத்தில் கரை ஒரு அடி கூடியிருக்கிறது என்று இருக்கிறது. பழைய படியிலிருந்து பார்த்தால் எண்பத்தாறு. பத்து அடியைக் கடல் கொண்டுபோயிருக்கிறது. கல் ஒரு மண்ணையும் பிடிக்கவில்லை.

இது அவள் பட்டத்தோடு நிற்கிற காரியம் இல்லை. அவளுடைய கோட்டைக் காட்டித்தான், மேற்கே அடுத்த துறையிலும் இதே போல் கல் போடக் கம்பெனி எழுதிக் கொடுத்திருந்தது. அந்தத் துறையில் என் தங்கை பூங்கனி இருக்கிறாள். அடுக்களை வாசலைத் திறந்தால் கடல். புத்தகம் சரி என்று ஆகிவிட்டால் கல் வரும். கல் வந்தால், இங்கே போனது போல அந்தக் கரையும் போகும்.

சாரிடம் கேட்கலாம் என்றாள் ஜெனிலா. மறுநாள் நானும் கூடப் போனேன். சாளைப் பையோடுதான். அன்றைக்கு முதல் தடவையாக உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார் நாராயணபெருமாள். ஜெனிலா தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். அவர் முதலில் கேட்டது, வேறு யாரிடமாவது சொன்னீர்களா என்பதுதான். இல்லை என்றதும் முகம் தெளிந்தது.

"அண்ணாச்சி, கடல்ல பதினோரு அடி ஒரு கணக்கா? ஆனி ஆடியில கொண்டு போகும், ஐப்பசியில கொண்டு வந்து போட்டிரும்" என்றார்.

"கொண்டு வரல்ல. நான் அளந்தேன்."

"நீரு அளந்ததுலதான இப்ப தப்புன்னு சொல்லுதீரு."

அவர் ஜெனிலா பக்கம் திரும்பி இங்கிலீஷில் நிறையப் பேசினார். அவர் பேரையும் சேர்த்துப் போட்டு அந்தக் கோடு ஏற்கெனவே ஒரு பத்திரிகையில் வந்துவிட்டதாம். அவர்தான் கம்பெனிக்கும் ஆலோசனை சொல்கிறவராம். இதைத் திருத்தினால் முதலிலிருந்து மூன்று வருடம் அளக்க வேண்டும், அதற்குள் அவளுக்குக் கொடுத்த வருடக் கெடு தீர்ந்துவிடும், படித்தது எல்லாம் வெறுங்காகிதம். இதை அவள் எனக்குப் பிறகு பஸ்ஸில் சொன்னாள். அவர் எனக்குத் தமிழில் சொன்னது வேறு.

"வைவா பொதுச் சபையாக்கும் அண்ணாச்சி. யாரு வேணும்னாலும் எழும்பி கேக்கலாம். அங்க வச்சுப் பேசிக்கிடுவோம். இப்ப பிள்ளைய கொழப்பாதீரும்."

என் வாயை அடைப்பதற்காகச் சொன்ன வார்த்தை அது. நான் அதை அப்படியே பிடித்துக்கொண்டேன்.

வைவா அன்றைக்கு வெள்ளை வேட்டி சட்டை போட்டுக்கொண்டு போனேன். ஏசி ஹால். ஜெனிலாவின் போட்டோ போட்டுப் பிளக்ஸ் கட்டியிருந்தார்கள். கம்பெனி மேனேஜர் முன்வரிசையில். வடக்கேயிருந்து ஒரு பெரிய மனிதர் பரிசோதிக்க வந்திருந்தார், தமிழ் தெரியாது. நான் போய்ச் சேர்ந்தபோது முதலில் கண்டது பிரியாணி அண்டா. இரண்டு பேர் பின்வாசல் வழியாக இறக்கிக்கொண்டிருந்தார்கள். நாராயணபெருமாள் சாருக்குத் தனியாக ஒரு பாத்திரத்தில் சாம்பார் சாதம். வைவாவுக்குப் படிக்கிறவர்கள்தான் விருந்து போட வேண்டும், அதுதான் வழக்கமாம். கேள்வி கேட்கிறவனுக்குக் கேள்வி கேட்குமுன்னால் மூக்கில் பிரியாணி மணக்கிறது. தீர்ப்புக்கு முன்னாலேயே பந்தி. கோர்ட்டில் இப்படிச் செய்தால் இரண்டு பேரையும் பிடித்து உள்ளே போடுவான்.

ஜெனிலா முக்கால் மணி நேரம் பேசினாள். நன்றாகப் பேசினாள் என்று முகங்களைப் பார்த்தே தெரிந்தது. கோடு சுவரில் பெரிதாக விழுந்தது. அந்தத் தாவலின் மேல் சிவப்புப் புள்ளி ஒன்றைக் காட்டிக் காட்டிச் சொன்னாள். பதினோரு அடியைப் பற்றி ஏதாவது சொல்கிறாளா என்று காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன். குருசடி என்கிற வார்த்தையே வரவில்லை.

வடக்கத்தியார் இரண்டு கேள்வி கேட்டார். பிறகு சபையில் யாருக்காவது கேள்வி உண்டா என்று ஒருவர் மைக்கில் கேட்டார். நான் எழும்பினேன். நாராயணபெருமாள் சாரின் சிரிப்பு அப்படியே நின்றது, மாறவில்லை. அதைப் பார்த்ததும்தான், இந்த ஆள் எதற்கும் தயாராக வந்திருக்கிறார் என்று எனக்குப் பட்டது.

நான் சுற்றி வளைக்கவில்லை. அளந்தவன் நான், இந்தப் பிள்ளைக்கு அப்பன். அளவு எடுத்த குருசடியைப் பாதியில் பதினோரு அடி பின்னால் மாற்றிக் கட்டினோம், அதைக் கழிக்காமல் எழுதிவிட்டேன், கரை கூடவில்லை, பத்து அடி போய்விட்டது, இதை நம்பி அடுத்த ஊரில் கல் போடாதீர்கள் என்று சொன்னேன். வடக்கத்தியார் என்ன என்று கேட்பது போலப் பக்கத்தில் பார்த்தார். நாராயணபெருமாள் சார் எழும்பி அவருக்கு இங்கிலீஷில் சொன்னார். நாலே வரி. அதில் ஃபாதர் என்று வந்தது, சர்ச் என்று வந்தது, தேங்க்ஸ் என்று வந்தது. வடக்கத்தியார் மார்பில் கைவைத்து என்னைப் பார்த்துத் தலை குனிந்தார். தமிழ் தெரிந்தவர்களும் சேர்ந்து எல்லாரும் கைதட்டினார்கள்.

எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் குற்றம் சொன்னவனுக்கு எந்த ஊரிலும் கைதட்டமாட்டார்கள் என்று தெரியும்.

"ஏட்டி ஜெனிலா, நான் சொன்னத அவரு சரியாத்தான் சொன்னாரா?"

கைதட்டல் நின்றது. அவள் என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கையில் இருந்த லைட்டை அணைத்தாள், சுவரில் சிவப்புப் புள்ளி இல்லாமல் போயிற்று.

"சரிதான் அப்பா. இருங்க."

இருந்துவிட்டேன். மறுபடியும் எழும்பியிருக்கலாம். அந்த மேனேஜர் கொஞ்சம் தமிழ் பேசுகிறவன், அவன் சட்டையைப் பிடித்துச் சொல்லியிருக்கலாம். அந்தச் சிவப்புப் புள்ளி அணைந்ததைப் பார்த்துவிட்டு இருந்துவிட்டேன். சாரின் மேல் எவ்வளவு அருவருப்போ அதில் பாதி என் மேலும் உண்டு என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அரை மணி நேரத்தில் டாக்டர் ஜெனிலா என்று மைக்கில் கூப்பிட்டார்கள். சால்வை போட்டார்கள். பிறகு பந்தி. வடக்கத்தியார் கையில் கோழிக்காலோடு வந்து, இன்னொரு கையால் என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். நெய் ஒட்டியது. வெளியே குழாயில் போய்க் கழுவினேன். சாப்பிடவில்லை.

கம்பெனிக் காரில் திரும்பி வந்தோம். ஏன் இப்படிச் செய்தாய் என்று, டிரைவர் இருக்கிறான் என்றும் பார்க்காமல் கேட்டேன். அவளும் பார்க்கவில்லை.

"ஆறு வருஷம் அப்பா. காலம்பற ஆபீசு. வந்து பிள்ளையளுக்குச் சோறு. பொறவுதான் படிப்பு. எனக்க பிள்ளை அபினாக்க முதல் நன்மைப் பூசைக்கு நான் எங்க இருந்தேன் தெரியுமா? சாருக்க வீட்டுல பேப்பர் திருத்திக்கிட்டு இருந்தேன். பூனைக்கு மீன் கொண்டு குடுத்தது நீங்கதான, அந்த வீட்டுல நான் என்னெல்லாம் செய்தேன்னு நீங்க கேட்டதுண்டா?"

"இல்ல."

"அளந்தது நீங்க. குருசடிக்கு நூல் புடிச்சது நீங்க. இப்ப பொய் மட்டும் எனக்கதா?"

"தப்பு எனக்கதுதான். அத எழும்பி நின்னு சொன்னேன். பொய் எனக்கது இல்ல."

அழுகிறாளோ என்று பார்த்தேன். அழவில்லை. சால்வையை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டிருந்தாள். அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அதன் பிறகு பங்குச் சாமியாரிடம் போய்ச் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டுவிட்டு, படித்தவர்கள் பலபேர் பார்த்துச் சரி என்ற காரியம், நாம் அதில் தலையிடக் கூடாது என்றார். அடுத்த ஞாயிறு பூசையில் ஜெனிலாவுக்கு வாழ்த்தும் சொன்னார். பேரவைக்காரர்களிடம் சொன்னேன். மனைவி போன பிறகு கிழவனுக்குத் தலை சரியில்லை என்று எனக்குக் கேட்கும்படியே பேசிக்கொண்டார்கள். அவர்களில் ஒருத்தனுக்கு இரண்டு டிப்பர் லாரி உண்டு.

மூன்றாம் மாதம் மேற்குத் துறைக்குக் கல் வந்தது. கேள்விப்பட்ட அன்றைக்கே பூங்கனி வீட்டுக்குப் போனேன். மத்தியானம். லாரிகள் தேவாலயம் வரைக்கும் வரிசையாக நின்றன. முதல் லாரிக்கு மாலை போட்டிருந்தார்கள். பூங்கனி அடுக்களை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்து வீட்டுக்காரிகளிடம், இதுதான் ஜெனிலாவுக்க அப்பன், அவதான் இந்தக் கல்லு எல்லாம் வாறதுக்குக் காரணம் என்று காட்டினாள். அவர்கள் என்னைக் கும்பிட்டார்கள்.

அவளை உள்ளே கூட்டிக்கொண்டுபோய் எல்லாவற்றையும் சொன்னேன். கல் வேண்டாம் என்று ஊரைக் கூட்டிச் சொல்லு, உன் பேச்சைப் பெண்கள் கேட்பார்கள், நானும் வந்து சொல்கிறேன் என்றேன். அவள் பொறுமையாகத்தான் கேட்டாள்.

"அண்ணே, அவ எழுதின புத்தகத்த நீங்க வாசிச்சியளா?"

"அது இங்கிலீஷு, எனக்கு எங்க வாசிக்கத் தெரியும்?"

"பொறவு?"

பொறவு என்ன. என் அளவை நம்பாதவர்கள், என் அளவை வைத்து எழுதிய புத்தகத்தை நம்புகிறார்கள். அதை விளக்கிச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும், டாக்டர் இல்லாதவன் வாயால் சொன்னால் அது உளறல்தான்.

"இங்க இருந்து தண்ணிக்கு எவ்வளவு இருக்கும்?" என்றேன்.

"முப்பது அடி இருக்கும். கல்லு விழட்டும், இன்னும் கூடும்."

முதல் லாரி பின்பக்கத்தைத் தூக்கியது. பாறைகள் சரிந்து தண்ணீரில் விழுந்தன. அடுக்களையில் பாத்திரங்கள் கலகலவென்று ஆடின. பூங்கனி சந்தோஷத்தில் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். எனக்கு வாயில் கசப்பாக ஊறியது. துப்புவதற்கு வெளியே வந்தேன். அவள் வாசலைச் சுத்தமாகப் பெருக்கித் தண்ணீர் தெளித்திருந்தாள். விழுங்கிவிட்டேன்.